பென் டிரைவ் கட்டும் வேஷங்கள்

அக்கா வீட்டு டெஸ்க்டாப்புக்கு வயது பன்னிரண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 அந்த மதர்போர்டில் கிடையாது. மற்றபடி மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை, ஃபேன் சத்தம்கூட இன்னும் பழசாகவில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுவிடலாம் என்று போனில் சொல்லியிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் தானே அதை டவுன்லோடு பண்ணி, 16 ஜிபி பென் டிரைவில் காப்பியும் பண்ணி வைத்திருந்தாள். மெஷின் அந்தப் பென் டிரைவைச் சட்டையே பண்ணவில்லை.

"ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி பண்ணக்கூடாதும்மா. அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதை வச்சு எழுதணும்" என்றேன்.

"ஏன் மாமா? படத்தைக் காப்பி பண்ணி டிவியில சொருகினா ஓடுதுல்ல? இது மட்டும் ஏன் ஓடமாட்டேங்குது?"

இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன், நூறு தடவையாவது பூட்டபிள் பென் டிரைவ் தயார் பண்ணியிருப்பேன். ஆனால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் தொழில்நுட்பத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது.

முதலில் அந்த 'பூட்' என்ற சொல். பூட்ஸின் பின்புறம் மாட்டி இழுப்பதற்கென்று ஒரு வார் இருக்கும், அதன் பெயர் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்பது ஆங்கிலத்தில் நடக்காத காரியத்துக்கு ஒரு கேலிப் பேச்சு. கம்ப்யூட்டரின் சிக்கல் அச்சு அசலாக அதுதான். டிஸ்க்கிலிருந்து ஒரு புரோகிராமை மெமரிக்குக் கொண்டுவர ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமை யார் கொண்டுவருவது? நம்ம ஊரில் பூட்டுவது என்றால் இரண்டு அர்த்தம் உண்டு: கதவைப் பூட்டுவது, வண்டியில் மாடு பூட்டுவது. இந்தக் கதையில் இரண்டுமே வரும். முதலில் வண்டி.

ஆரம்பத்தில் மாடு பூட்டியது மனிதக் கை. 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு இல்லை, திரை இல்லை, முன்னால் வரிசையாக சுவிட்சுகள். ஒவ்வொரு பைட்டையும் சுவிட்சை மேலும் கீழும் தள்ளி மெமரியில் ஏற்ற வேண்டும். பில் கேட்ஸும் பால் ஆலனும் அந்த மெஷினுக்கு பேசிக் மொழியை எழுதியபோது, அதைச் செய்துகாட்ட ஆலன் அல்புகர்க்கிக்கு விமானம் ஏறினார். பேசிக் காகித நாடாவில் பத்திரமாக இருக்கிறது. நாடாவைப் படிக்கவைக்கும் குட்டிப் புரோகிராமை எழுதவே இல்லை என்பது விமானம் தரையிறங்கப் போகிற நேரத்தில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே தாளில் எழுதி முடித்தார். மறுநாள் அதைச் சுவிட்சுகளில் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஓடியது. ஓடாமல் போயிருந்தால் மைக்ரோசாஃப்ட் என்ற கம்பெனியின் கதை வேறு மாதிரி ஆரம்பித்திருக்கும்.

பெரிய மெஷின்களில் இந்த வலி முன்பே தீர்ந்திருந்தது. ஐபிஎம் 1952-இல் அறிவித்த 701-இலேயே 'லோட்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதற்குப் பிந்தைய 360, 370 வரிசையில் இந்த வேலைக்கு 'இனிஷியல் புரோகிராம் லோட்', சுருக்கமாக ஐபிஎல் என்று பெயர். (கிரிக்கெட் இல்லை!) சென்னை ஐஐடிக்கு 1973-இல் வந்த ஐபிஎம் 370/155-ஐ எழுப்பியதும் இதே ஐபிஎல்தான். எந்தச் சாதனத்திலிருந்து ஏற்றுவது என்று ஆபரேட்டர் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துவார். மெஷின் அந்தச் சாதனத்திலிருந்து வெறும் 24 பைட்டை மட்டும் படிக்கும். அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது அந்த 24 பைட்டுக்குள் இருக்கும். அதற்கு மேல் மெஷினுக்கு ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அக்கா மகளின் கேள்விக்கு வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விழித்தெழும் மெஷினுக்கு ஃபைல் என்றால் என்னவென்று தெரியாது. ஃபோல்டர் தெரியாது. "இந்த இடத்தில் இத்தனை பைட் படி, அங்கேயே குதி", அவ்வளவுதான் அதற்கு வரும்.

1981 ஆகஸ்ட் 12-இல் ஐபிஎம் தனது பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது இந்த 24 பைட் 512 பைட் ஆனது. ஃபிளாப்பியின் முதல் செக்டர். மதர்போர்டில் உள்ள பயாஸ் அந்த 512 பைட்டை மெமரியில் 31,744-ஆவது இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைத்துவிடும். ஏன் 31,744? டாஸ் ஓடக் குறைந்தது 32 கேபி மெமரி தேவை என்று வைத்திருந்தார்கள். 32 கேபியின் கடைசி 1 கேபியில் பாதி பூட் செக்டருக்கு, மீதி அதன் கைச்செலவுக்கு. 32-இல் 1 போனால் 31 கேபி, அதாவது 31,744. அன்றைய மெமரி விலைக்காகப் போட்ட கணக்கு. இன்றைக்கு 32 ஜிபி ரேம் உள்ள மெஷினையும் பழைய முறையில் பூட் செய்தால் முதல் அடி அதே 31,744-இல்தான் விழுகிறது.

ஃபிளாப்பியே இல்லையென்றால்? அந்த முதல் பிசி ராமிலேயே வைத்திருந்த பேசிக்கைத் திறந்து உட்கார்ந்துகொள்ளும். (ரேம் இல்லை, ராம். தமிழில் எழுதினால் இந்த வித்தியாசம் படுத்துகிறது.) 1983 மார்ச்சில் வந்த பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது, அதே 512 பைட்டில் இன்னும் கொஞ்சம் சாமான் ஏறியது. 446 பைட் புரோகிராமுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு (நான்கு பார்ட்டிஷன், ஆளுக்கு 16 பைட்), கடைசி இரண்டு பைட் அடையாள முத்திரை. அந்த முத்திரையைப் பைனரியில் எழுதிப் பார்த்தால் 01010101, 10101010. கோலப்புள்ளி மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று. இந்த இரண்டு பைட் இருந்தால் அது பூட் ஆகக்கூடிய டிஸ்க், இல்லாவிட்டால் இல்லை. இதுதான் எம்பிஆர்.

பாருங்கள், 446 பைட். மேலே உள்ள பத்தியை யூனிகோடில் சேமித்தால்கூட அதற்குள் அடங்காது. அதற்குள் ஓர் இயங்குதளத்தை எழுப்பும் வேலையின் முதல் படி முடிந்தாக வேண்டும்.

வேஷம் கட்டும் கதை சிடியோடு தொடங்குகிறது. பயாஸுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: ஃபிளாப்பி, ஹார்ட் டிஸ்க். சிடி இரண்டும் இல்லை. அதன் செக்டர் 512 பைட்டும் இல்லை, 2048. 90களின் நடுவில் சாஃப்ட்வேர் எல்லாம் சிடியில் வர ஆரம்பித்துவிட்டது, ஆனால் அந்தச் சிடியைப் படிக்க முதலில் ஒரு ஃபிளாப்பியில் பூட் செய்து, சிடி டிரைவரை ஏற்றி, அப்புறம்தான் உள்ளே போக முடியும். என் வயதுக்காரர்கள் யாரும் விண்டோஸ் 98 பூட் ஃபிளாப்பியை மறந்திருக்க மாட்டார்கள். ஹாஸ்டலில் அது ஒரு சொத்து. ஒருத்தன் வாங்கிக்கொண்டு போனால் திரும்பி வருவது சந்தேகம், வந்தாலும் பேட் செக்டரோடுதான் வரும். அன்றைய லினக்ஸ் சிடிகளிலும் ரா-ரைட் என்று ஒரு குட்டிக் கருவி இருக்கும், பூட் ஃபிளாப்பி எழுதிக்கொள்வதற்காக. இன்று பென் டிரைவுக்கு ரூஃபஸ் செய்வதை அன்று ஃபிளாப்பிக்கு அது செய்தது.

1995 ஜனவரியில் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து இதற்கொரு வழி வெளியிட்டார்கள். பெயர் எல் டொரிட்டோ. ஸ்பானிஷ் மொழியில் இளங்காளை. கலிஃபோர்னியாவில் உள்ள இர்வைன் நகரத்தில் அதே பெயரில் ஒரு மெக்ஸிகன் ஓட்டல் இருந்தது, அங்கே சாப்பிட்டுக்கொண்டே பேசி உருவாக்கியதால் அந்தப் பெயர். (வண்டி, மாடு என்று நான் ஆரம்பித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது.)

எல் டொரிட்டோ செய்தது பயாஸை ஏமாற்றும் வேலை. சிடிக்குள் ஒரு முழு ஃபிளாப்பியின் நகலை ஒரு மூலையில் வைத்துவிடுவது. பயாஸ் அந்த நகலை எடுத்து, "இதுதான் ஏ டிரைவ்" என்று மற்ற எல்லாரையும் நம்பவைக்கும். நிஜமான ஃபிளாப்பி டிரைவ் இருந்தால் அது தற்காலிகமாக பி ஆகிவிடும். சிடி ஃபிளாப்பி வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறியது. வேஷம் இல்லாமல் நேரடியாகப் பூட் ஆகும் வகையும் அதே ஏற்பாட்டில் இருந்தது, பின்னாளில் லினக்ஸ் சிடிகள் அதையே பிடித்துக்கொண்டன. கிளவுஸ் நாப்பரின் நாப்பிக்ஸ் மாதிரி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே முழு லினக்ஸும் ஓடியதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு அது கண்கட்டு வித்தை மாதிரி இருந்தது.

அப்புறம் 2000-இல் பென் டிரைவ் வந்தது. ஐபிஎம் விற்ற முதல் மாடலில் 8 எம்பி. அதற்குள் ஐந்து ஃபிளாப்பிச் சரக்கு அடங்கும். பூட் செய்யலாமா? பயாஸுக்கு யுஎஸ்பி என்றாலே அப்போதுதான் கொஞ்சம் புரிந்துகொண்டிருந்தது. பழைய மதர்போர்டு வைத்திருந்தவர்கள் பூட் வரிசை மெனுவைப் பார்த்திருப்பீர்கள்: யுஎஸ்பி-எஃப்டிடி, யுஎஸ்பி-ஜிப், யுஎஸ்பி-எச்டிடி. எதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் வேலை செய்யாவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லாவிட்டால் அடுத்தது.

அந்த மூன்றும் மூன்று வேஷங்கள் என்று பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. ஃபிளாப்பியாக நடி, ஜிப் டிஸ்க்காக நடி, ஹார்ட் டிஸ்க்காக நடி. ஜிப் என்பது 1994-இல் அயோமெகா கொண்டுவந்த 100 எம்பி கார்ட்ரிட்ஜ். இந்தியாவில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு, ஆனால் அதன் பழக்கவழக்கம் நம் மதர்போர்டுகளுக்குள் குடியிருந்தது. ஜிப்பாக நடிக்க வேண்டுமென்றால் 64 ஹெட், 32 செக்டர் என்ற கணக்கில் பார்ட்டிஷன் பண்ண வேண்டும், அதுவும் முதலாவதாக இல்லாமல் நான்காவது பார்ட்டிஷனாக. பென் டிரைவுக்குள் சுழலும் தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை. இல்லாத ஹெட்டுகளின் எண்ணிக்கை தப்பாகிவிட்டால் பூட் ஆகாது! ஒரு மெஷினில் ஓடும் பென் டிரைவ் பக்கத்து மெஷினில் ஓடாமல் போனதற்கு இப்படியான காரணங்கள்தான். நாம் பென் டிரைவைக் குறை சொன்னோம், பாவம்.

2007-இல் அசூஸ் ஈ பிசி வந்து சிடி டிரைவே இல்லாத குட்டி லேப்டாப்புகள் பரவியதும் பென் டிரைவில் பூட் செய்வது ஆசை என்ற நிலையிலிருந்து அவசியம் என்ற நிலைக்கு வந்தது. அதே வருஷம் யுநெட்பூட்டின் வந்தது. ஆனால் எனக்குப் பிடித்த தீர்வு வேறு. லினக்ஸ் உலகில் ஸிஸ்லினக்ஸ் என்ற பூட்லோடரை எழுதியவர் எச். பீட்டர் ஆன்வின். சிடியின் வடிவத்தை வரையறுத்த ஐஎஸ்ஓ 9660 தரத்தில் முதல் 16 செக்டரை யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்தார்கள். 16 பெருக்கல் 2048, 32,768 பைட், சும்மா கிடக்கும் புறம்போக்கு. எம்பிஆருக்குத் தேவையோ 512. 2008 வாக்கில் ஸிஸ்லினக்ஸில் சேர்ந்த ஐஸோஹைப்ரிட் என்ற கருவி அந்தப் புறம்போக்கில் ஒரு எம்பிஆரைக் குடிவைத்தது. அதே ஐஎஸ்ஓவைச் சிடியில் எழுதினால் மெஷின் அதைச் சிடியாகப் படிக்கும். பென் டிரைவில் முதல் பைட்டிலிருந்து வரிசையாக எழுதினால் முதல் செக்டரில் எம்பிஆர் இருக்கும், ஹார்ட் டிஸ்க் என்று நம்பிவிடும். ஒரே ஃபைல், இரண்டு முகம்.

'முதல் பைட்டிலிருந்து வரிசையாக' என்பதுதான் விஷயம். அக்கா மகள் செய்தது போல இழுத்துப் போட்டால், ஐஎஸ்ஓ என்பது பென் டிரைவின் நடுவில் எங்கோ ஒரு ஃபைலாகப் போய் உட்காரும். முதல் செக்டரில் ஏற்கெனவே ஃபார்மேட் பண்ணியபோது எழுதியதே இருக்கும். அந்த ஃபைலைத் திறந்து படிக்கத் தெரிந்த புரோகிராமோ அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. டிவிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் நீங்கள் பென் டிரைவைச் சொருகும் நேரத்தில் டிவி ஏற்கெனவே விழித்திருக்கிறது.

இதை எழுதும்போது சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று இருக்கிறது. லினக்ஸில் இப்படி நேரடியாக எழுத டிடி என்று ஒரு கட்டளை உண்டு. யூனிக்ஸின் மற்றக் கட்டளைகள் ஒரு மாதிரி இருக்கும், இது மட்டும் வேற்றூர்க்காரன் மாதிரி பேசும். ஐபிஎம் மெயின்ஃபிரேம் ஜேசிஎல் மொழியில் இருந்த டிடி கூற்றின் சாயல் அது. எங்கிருந்து, எங்கே என்று இரண்டே தகவல் கேட்கும். "நிச்சயமாகவா?" என்று ஒரு கேள்வி கேட்காது. 2009-இல் ஒரு ராத்திரி, 'எங்கே' என்ற இடத்தில் ஓர் எழுத்து மாறிப்போய், பென் டிரைவுக்குப் பதில் என் எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் தலையில் ஒரு லினக்ஸ் சிடியை எழுதிவிட்டேன். அந்த டிஸ்க்கில்தான் நான்கு வருஷம் சனி ஞாயிறுகளில் தஞ்சை, திருவாரூர் பக்கம் சுற்றி எடுத்த கல்வெட்டுப் படங்கள் எல்லாம் இருந்தன. வேறு காப்பி இல்லை. தொழில் சாஃப்ட்வேர், பேக்கப் கிடையாது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

அழிந்தது முதல் 700 எம்பிதான். ஆனால் அந்த டிஸ்க் எஃப்ஏடி32 வடிவில் இருந்தது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை முழுக்க டிஸ்க்கின் தொடக்கத்திலேயே இருக்கும். வீடுகள் அப்படியே நிற்கின்றன, தெருப் பெயர்ப் பலகைகள் மொத்தமும் போச்சு என்ற நிலைமை. கிறிஸ்தோஃப் கிரெனியேயின் ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி காப்பாற்றியது. அது அட்டவணையை நம்பாது, ஒவ்வொரு செக்டராகப் போய் ஜேபெக் படம் தொடங்கும் அடையாள பைட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். இரண்டு நாள் ஓடியது. பெரும்பாலான படங்கள் திரும்ப வந்தன, எண்களை மட்டுமே பெயராக வைத்துக்கொண்டு. ஊர்ப் பெயர் எல்லாம் ஃபோல்டரின் பெயரில்தான் வைத்திருந்தேன். படத்துக்குள் இருந்த தேதியை வைத்து, டைரியைப் பார்த்து, முக்கால்வாசிக்கு ஊர் கண்டுபிடித்தேன். அறுபது சொச்சம் படங்கள் எந்தக் கோயில் என்று இன்றுவரை தெரியாது. எழுத்து தெளிவாகத் தெரிகிறது, ஊர் தெரியவில்லை. கல்வெட்டு ஆய்வில் இடம் தெரியாத படத்துக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே பூட்டபிள் பென் டிரைவ் செய்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எழுதுவதற்கு முன் மற்ற எல்லா எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் கழற்றுங்கள். டிஸ்க்கின் பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். பெயர் ஒவ்வொரு தடவையும் மாறும், அளவு மாறாது.

விண்டோஸ் பக்கம் வேறு கதை. விண்டோஸின் ஐஎஸ்ஓவுக்கு அந்த இரண்டு முகம் கிடையாது, டிடியில் அப்படியே எழுதினால் பூட் ஆகாது. பென் டிரைவை ஃபார்மேட் பண்ணி, பூட் செக்டர் எழுதி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் காப்பி பண்ண வேண்டும். இதற்கென்று 2009-இல் விண்டோஸ் 7 வெளியானபோது மைக்ரோசாஃப்டே ஒரு கருவி கொடுத்தது. அதற்குள் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள திறமூல நிரல் கலந்திருப்பதை ஒரு வலைப்பதிவர் கண்டுபிடித்துவிட்டார். நவம்பரில் கருவியைத் திரும்பப் பெற்றார்கள், டிசம்பரில் மூலநிரலோடு அதே ஜிபிஎல் உரிமத்தில் மறுபடி வெளியிட்டார்கள். 2011 கடைசியில் பீட் படார்ட் ரூஃபஸை வெளியிட்டார். பென் டிரைவை டாஸில் பூட் ஆகும்படி ஃபார்மேட் பண்ண எச்பியின் பழைய கருவி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, அதற்கு மாற்றாகத்தான் இதைத் தொடங்கினார். இன்றைக்கு ரூஃபஸ் இல்லாத கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையைப் பார்ப்பது கஷ்டம். 2020-இல் வந்த வென்டாய் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருமுறை அதை நிறுவிவிட்டால் அப்புறம் ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி பண்ணினால் போதும் என்றாக்கிவிட்டது. பீரோ சாவியை வெளியே ஆணியில் மாட்டி வைத்த மாதிரி.

இதற்கிடையில் மெஷினே மாறிவிட்டது. இன்டெல் 90களில் ஐட்டேனியம் பிராசஸருக்காகத் தொடங்கிய இஎஃப்ஐ, 2005-இல் ஒரு பொது அமைப்பின் கைக்கு வந்து யுஇஎஃப்ஐ ஆனது. பயாஸுக்குத் தெரியாத ஒன்று இதற்குத் தெரியும்: ஃபைல். எஃப்ஏடி வடிவில் உள்ள டிஸ்க்கைத் தானே திறந்து, இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரைத் தேடி, அதற்குள் குறிப்பிட்ட பெயரில் இருக்கும் ஃபைலை எடுத்து ஓட்டும். 512 பைட் வேண்டாம், முத்திரை வேண்டாம், 31,744 வேண்டாம். ஃபிளாப்பியாகவோ ஜிப்பாகவோ நடிக்கவும் வேண்டாம்.

அக்கா வீட்டு மெஷின் இரண்டும் தெரிந்த தலைமுறை. அவளிடம் சொன்னேன், "ஐஎஸ்ஓவைக் காப்பி பண்ணாதே. அதை ஜிப் ஃபைல் மாதிரி திறந்து, உள்ளே இருக்கிறதை எல்லாம் காப்பி பண்ணு." எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் பண்ணிய அதே பென் டிரைவ், ரூஃபஸ் இல்லை, டிடி இல்லை. பூட் ஆனது. அவள் முதலில் கேட்டது நியாயமான கேள்விதான். பழைய மெஷின்களுக்குத்தான் அது புரியாது. (விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இதைச் செய்யப்போனால் ஒரு ஃபைல் மட்டும் 4 ஜிபியைத் தாண்டி நிற்கும். எஃப்ஏடி32-இல் ஒரு ஃபைலின் உச்ச அளவு 4,29,49,67,295 பைட். அங்கே ரூஃபஸ் மறுபடி தேவைப்படும்.)

இனி கதவுப் பூட்டு. மெஷின் கண்ணை மூடிக்கொண்டு முதல் 512 பைட்டை நம்புகிறது என்றால், அந்த 512 பைட்டைக் கைப்பற்றுபவனுக்கு மொத்த மெஷினும் சொந்தம். 1986-இலேயே அது நடந்தது. லாகூரைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் குடியேறியது ஃபிளாப்பியின் பூட் செக்டரில்தான். பிசி உலகின் முதல் வைரஸ் அது. 1992 மார்ச் 6-க்கு உலகமே பயந்துகொண்டிருந்த மைக்கலாஞ்சலோவும் அதே ஜாதி. ஃபிளாப்பியை டிரைவிலேயே மறந்து விட்டுவிட்டு மெஷினை ஆன் செய்தாலே போதும், தொற்றிக்கொள்ளும்.

இதற்கு யுஇஎஃப்ஐ கொடுத்த பதில் செக்யூர் பூட். கையெழுத்துச் சரியாக உள்ள புரோகிராமை மட்டும்தான் மெஷின் ஓட்டும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இது பரவலானது. யாருடைய கையெழுத்து? எல்லா மதர்போர்டிலும் இருக்கும்படி ஒரு சாவியைச் சேர்க்கும் செல்வாக்கு மைக்ரோசாஃப்டுக்குத்தான் இருந்தது. லினக்ஸ் சிடிகள் இனி ஓடுமா என்று அப்போது நிஜமாகவே கவலைப்பட்டோம். மேத்யூ காரெட் ஷிம் என்ற குட்டிப் புரோகிராமை எழுதினார். அதில் மைக்ரோசாஃப்டின் கையெழுத்து இருக்கும், அது ஓடிய பிறகு லினக்ஸ்காரர்களின் சொந்தச் சாவியைப் பார்த்து அடுத்ததை ஓட்டும். இன்று உபுண்டு, ஃபெடோரா, மின்ட் எல்லாம் இந்த ஏற்பாட்டில்தான் உள்ளே நுழைகின்றன.

நான் இதை எதிர்ப்பவன் இல்லை. பிரெய்ன் தொடங்கி வந்ததைப் பார்த்தால் பூட்டு வேண்டும்தான். என் சங்கடம் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதில். விண்டோஸ் 8 காலத்தில் இன்டெல் வகை மெஷின்களில் செக்யூர் பூட்டை அணைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. விண்டோஸ் 10 வந்த 2015-இல் அது தயாரிப்பாளரின் விருப்பம் என்று தளர்ந்தது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடைசெய்தது, கூடவே நிறையப் பேரின் டூயல் பூட் மெஷின்களில் லினக்ஸ் நின்றுபோனது. பழைய பென் டிரைவுகளும்தான்.

இன்னொன்று. 2011-இல் உருவான அந்தச் சாவிகளின் சான்றிதழ்களுக்கு ஆயுள் 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாக முடிகிறது. முடிந்த மறுநாளே எதுவும் நின்றுவிடாது, ஏற்கெனவே கையெழுத்தானவை ஓடும். ஆனால் புதிய பூட்லோடர்கள் 2023 சாவியால் கையெழுத்தாகி வரும். அந்தச் சாவி ஏறாத மதர்போர்டு அவற்றை அந்நியன் என்று திருப்பி அனுப்பும். அக்கா வீட்டு மெஷினுக்கு 2011 சாவி மட்டும்தான். மதர்போர்டு செய்தவர்கள் புது ஃபர்ம்வேர் தரும் வயதை அது எப்போதோ தாண்டிவிட்டது. நல்லவேளையாக அதில் அணைக்கும் வசதி இருக்கிறது. எந்த மெனுவில், எத்தனையாவது வரியில் என்று ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது அவள் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், "மாமா, இதுல இனிமே பாட்டு ஏத்தக்கூடாதா?"

டிடியில் எழுதியிருந்தால் 16 ஜிபி பென் டிரைவ் விண்டோஸில் சில எம்பியாகச் சுருங்கித் தெரியும், வேஷத்தைக் கலைத்தால்தான் பழையபடி ஆகும். இது வெறும் காப்பிதானே. "தாராளமா ஏத்திக்கோ" என்றேன். இப்போது அதில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குப் பக்கத்தில் இளையராஜா என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. டிவியிலும் பாடுகிறது, மெஷினிலும் பூட் ஆகிறது.